கண்ணாடி விரியனுக்கு எத்தனை பெயர்?

கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து வைத்துவிட்டு 20 நிமிடம் காத்திருப்போம். குழாயை அசைக்கக் கூடாது. நேரம் முடிந்ததும் மெல்லச் சாய்த்துப் பார்த்தால், ரத்தம் உறைந்து அடியில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் மாதிரி சரிந்து ஓடினால் விரியன் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைக்கு மெஷின் வேண்டாம், லேப் வேண்டாம். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும்; உலர்ந்திருக்க வேண்டும்; சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். நெல்லும் கரும்பும் விளைகிற பகுதி. களையெடுக்கப் போனவர்கள், தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள், வாசலில் பாய் விரித்துப் படுத்தவர்கள் என்று பாம்புக்கடியோடு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அந்தக் குழாயின் முன்னால் உட்கார்ந்திருந்த இரவுகளில்தான் எனக்குக் கேள்விகள் முளைத்தன. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவருக்கு ஆறு மணி நேரத்தில் ரத்தம் உறைகிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஏன் உறையவில்லை? ரத்தம் சரியான பிறகும் சிறுநீரகம் ஏன் படுத்துவிடுகிறது? உலகத்தில் யாராவது இதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எங்கேயாவது எழுதியும் இருப்பார்கள் என்பது தெரியும். மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நான் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

இன்றைக்கு அதற்கு என்னிடம் இருப்பது செய்தியோடை. ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்போமே, அதேதான். வலைப்பூக்கள் கொடிகட்டிப் பறந்த நாளில் எல்லோரும் ஓடைகளில்தான் வாசித்தோம். முகநூல் வந்ததும் பெரும்பாலோர் மறந்துபோனார்கள். ஆய்விதழ்கள் மறக்கவில்லை. நேச்சர், லான்செட், பிளாஸ் என்று தொடங்கி, பெரும்பாலான இதழ்கள் இன்றும் ஓடை வைத்திருக்கின்றன. புதுக் கட்டுரை வெளியானதும் அதன் தலைப்பு, எழுதியவர்கள், பல இதழ்களில் சுருக்கமும்கூட, ஓடையில் வந்து விழும். ஓடைகளைத் திரட்டிக் காட்ட ஒரு செயலி இருந்தால் போதும்.

நான் படித்த காலத்தில் இந்த வேலையைக் காகிதம் செய்தது. 'கரண்ட் கன்டென்ட்ஸ்' என்று ஒரு வார இதழ் கல்லூரி நூலகத்துக்கு வரும். பிலடெல்பியாவில் யூஜின் கார்ஃபீல்டு தொடங்கிய நிறுவனம் வெளியிட்டது. அதில் கட்டுரை எதுவும் இருக்காது. உலகத்து ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை அப்படியே சிறிய எழுத்தில் அச்சடித்துக் கையடக்கமாகக் கட்டி அனுப்புவார்கள். கடைசிப் பக்கங்களில் கட்டுரையாளர்களின் முகவரி. எங்கள் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அதோடு உட்காருவார். வேண்டிய தலைப்புக்கு நேராகப் பென்சிலில் ஒரு புள்ளி வைப்பார். பிறகு அச்சடித்த அஞ்சலட்டைகளில் தலைப்பையும் இதழையும் கையால் நிரப்பி, ஒரு பிரதி அனுப்புமாறு எழுதியவருக்கே தபாலில் போடுவார். ஆறு, ஏழு வாரம் கழித்து வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை வரும். தலையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டுரையை அவர் எடுத்துக்கொள்வார். எல்லாத் தலைப்பையும் ஒருமுறை கண்ணால் தடவிப் பார்க்கிற அந்தப் பழக்கம்தான் படிப்பு என்று எனக்கு அப்போதே பட்டது. இப்போதும் அதையே செய்கிறேன். புள்ளி வைக்கிற பென்சில் மாறியிருக்கிறது.

ஓடை பிறந்தது 1999 மார்ச்சில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில். ஆர்.வி. குஹா, டான் லிப்பி என்ற இருவர் முதல் வடிவத்தை எழுதினார்கள். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அதன் பிறகு வந்த வடிவங்கள், அவற்றுக்குள் நடந்த சண்டைகள் எல்லாம் தனிக்கதை. வாசகருக்கு அவற்றால் வித்தியாசம் எதுவும் இல்லை. எந்த வடிவமானாலும் செயலி படித்துக்கொள்ளும்.

மருத்துவத்தில் இருப்பவருக்கு முதல் ஓடை பப்மெட்டில்தான் கிடைக்கும். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிற தேடுதளம் அது, 1996-இல் வந்தது. ஆயிரக்கணக்கான இதழ்களின் கட்டுரைக் குறிப்புகள் அங்கே சேருகின்றன. தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு, பெட்டிக்குக் கீழே பாருங்கள், ஆர்.எஸ்.எஸ். உருவாக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஓடைக்கு ஒரு பெயரும், எத்தனை உருப்படி காட்ட வேண்டும் என்ற எண்ணும் கேட்கும். எண்ணை 100 என்று வையுங்கள். சிறிய எண்ணாக விட்டுவிட்டு ஒரு வாரம் திறக்காமல் இருந்தால், நடுவில் வந்தவை கண்ணில் படாமலே போய்விடும். பொத்தான் தருகிற முகவரியை நகலெடுத்து வாசிப்புச் செயலியில் ஒட்டினால் முடிந்தது. அந்தத் தேடலை இனி நீங்கள் செய்ய வேண்டாம். உங்களுக்காக அது நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கும்.

செய்முறை இவ்வளவுதான். சிரமம் அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதுவது என்பதில்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன்.

முதலில் 'ஸ்நேக்பைட்' என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு வைத்தேன். பப்மெட் தானாகவே ஒத்த சொற்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளும். தன்னுடைய பொருட்சொல் பட்டியலில் பாம்புக்கடி என்ற குறி விழுந்த கட்டுரைகளையும் இழுத்துவரும். ஆனால் எல்லாக் கட்டுரைகளுக்கும் அந்தக் குறி விழுவதில்லை. சில மாதம் கழித்து, இலங்கை மருத்துவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றை ஒரு நண்பர் அனுப்பினார். எங்கள் வார்டில் அன்று படுத்திருந்தவரைப் பற்றியே எழுதியது போல இருந்தது. என் ஓடையில் அது வரவே இல்லை. ஏன் என்று பார்த்தேன். அவர்கள் கடி என்ற சொல்லையே எழுதவில்லை, விஷமேற்றம் என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு வடிவம். பிரிட்டிஷ் வழியில் வந்தவர்களும் உலக சுகாதார நிறுவனமும் 'என்வெனமிங்' என்பார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'என்வெனமேஷன்' என்பார்கள். விஷமுறிவு மருந்துக்கும் அப்படியே: 'ஆன்டிவெனம்', பழைய வழக்கில் 'ஆன்டிவெனின்', நம் ஊர் மருத்துவர்கள் எழுதினால் 'ஆன்டி ஸ்நேக் வெனம்', அதையும் சுருக்கி 'ஏ.எஸ்.வி.'. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயா முதல் அம்புலன்ஸ் டிரைவர் வரை எல்லோரும் சொல்வது ஏ.எஸ்.வி.தான். அந்தச் சொல்லைப் போடாமல், நம் நாட்டுக் கட்டுரைகளையே நான் தவற விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கண்ணாடி விரியன். தமிழில் நமக்கு ஒரு பெயரில் வேலை முடிந்துவிடும். 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்ற ஆங்கிலப் பெயர் பாட்ரிக் ரஸ்ஸலிடமிருந்து வந்தது. ஸ்காட்லாந்துக்காரர், அவரும் மருத்துவர்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தப் பக்கம் வந்து, சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்டவர். அடுத்த ஆண்டு அவர் பெயரால் இந்தப் பாம்புக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அவருடைய பெயரில் இருக்கும் இரண்டு 'எல்'லில் ஒன்றை விட்டுவிட்டார்கள். அந்த ஒற்றை 'எல்'தான் சரியான எழுத்து. ஆனால் இரண்டு 'எல்' போட்டு எழுதுகிறவர்கள் இன்றும் ஏராளம். பேரினப் பெயரும் மாறியது. முன்பு 'வைப்பெரா', இப்போது 'டபோயா'. போதாதற்கு, பர்மா, தாய்லாந்துப் பக்கத்து விரியன் வேறு இனம் என்று 2007-இல் பிரித்து 'டபோயா சயாமென்சிஸ்' ஆக்கினார்கள். விரியன் கடித்துச் சிறுநீரகம் கெடுவதைப் பற்றி பர்மா மருத்துவர்களுக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. அந்தப் பெயரையும் சேர்த்த பிறகுதான் அவர்களுடைய கட்டுரைகள் எனக்கு வர ஆரம்பித்தன.

எழுத்து மாறுகிற சிக்கலுக்கு நட்சத்திரக் குறி உதவும். சொல்லின் முதல் பாதியை எழுதி நட்சத்திரம் போட்டால், அப்படித் தொடங்குகிற எல்லாச் சொல்லும் வரும். 'என்வெனம்' வரை எழுதி நட்சத்திரம் வைத்தால் இரண்டு வடிவமும் சிக்கிவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: நட்சத்திரம் வைத்த சொல்லுக்கு பப்மெட் தானாக ஒத்த சொல் சேர்க்காது. அதனால் நட்சத்திரம் வைத்ததையும் வைக்காததையும் நடுவில் 'ஆர்' (அல்லது) போட்டு இரண்டையும் எழுதுகிறேன். ரஸ்ஸலுக்கு அரைகுறையாக நட்சத்திரம் வைத்தபோது சில்வர்-ரஸ்ஸல் என்ற குழந்தை வளர்ச்சிக் கோளாறு பற்றிய கட்டுரைகள் வந்து நிறைந்தன. 'கோப்ரா' என்று தனியாகப் போட்டால் அதே பெயரில் இருக்கிற உயிர்வேதிக் கணிப்பு மென்பொருளும், 'வைப்பர்' என்று போட்டால் மரபணுத் தரவுகளை அலசுகிற ஒரு நிரலும் வரும். அவற்றை விலக்க 'நாட்' (வேண்டாம்) போடுவதை நான் நிறுத்திவிட்டேன். வேண்டாததோடு வேண்டியதும் போய்விடுகிறது. பாம்புப் பெயரோடு விஷம் அல்லது கடி என்ற சொல்லும் சேர்ந்தே வர வேண்டும் என்று கட்டினால் போதும், சுத்தமாகிவிடுகிறது.

இப்படித் திருத்தித் திருத்தி இன்றைக்கு என் தேடல் வரி ஏழு வரி நீளத்துக்கு வந்திருக்கிறது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லை எப்போது, எந்தக் கட்டுரையைத் தவற விட்டதால் சேர்த்தேன் என்பதும் அதில் இருக்கிறது. பாம்புக்கடியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் கணிசமான பங்கு இந்த வரியைக் கட்டும்போது கற்றதுதான் என்று மனதாரச் சொல்வேன். ஒரு விஷயத்தை உலகத்தில் யார் யார் என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று தெரியாதவரை, அவர்கள் பேசுவது நம் காதில் விழாது.

தலைப்புகள் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்தாறு வரும். காலை ஓ.பி. தொடங்கும் முன் டீ ஆறுகிற நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடலாம். 2019 டிசம்பரில் ஒரு காலை வந்த தலைப்பை மறக்க முடியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து எழுதியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற பெரிய நான்கைத் தாண்டிய இந்தியப் பாம்புகளின் விஷத்தை எடுத்து, நாம் எல்லோரும் ஏற்றுகிற அதே விஷமுறிவு மருந்தோடு வைத்துச் சோதித்திருந்தார்கள். பல இடங்களில் மருந்து தோற்றிருந்தது. நம் மருந்துக்கான விஷம் பெரும்பாலும் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அவர்கள் பாம்பு பிடிப்பது தமிழ்நாட்டில். நாட்டின் வேறு மூலையில் இருக்கும் பாம்பின் விஷம் வேறு மாதிரி இருந்தால் இந்த மருந்து அதை முழுதாகக் கட்டாது. அடுத்தடுத்து அதே வகைக் கட்டுரைகள் வந்தன. 2020 ஜூலையில் ஈலைஃப் இதழில் மரணக் கணக்கு வந்தது: 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிச் சாவு சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000. அந்த எண்ணை டீக்கடைச் செய்தித்தாளில் பார்க்கும் முன்பே என் திரையில் பார்த்தேன். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அன்று வார்டுக்குள் நுழைந்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

தேடல் ஓடை மட்டும் போதாது என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. நாம் கேட்டதை மட்டும் தருவது அதன் பலம், அதுவே அதன் குறையும். அதனால் ஓர் இதழை முழுதாகவும் தொடர்கிறேன்: வெப்பமண்டலத்தின் கவனிக்கப்படாத நோய்களுக்கான பிளாஸ் இதழ். அதில் பாம்போடு வெறிநாய்க்கடி, யானைக்கால், எலிக்காய்ச்சல் எல்லாம் வரும். மழைக்காலத்தில் வயலில் இறங்கியவர் சிறுநீர் குறைந்து வந்து நின்றால், கடித்தது தெரியாத பாம்பா, எலிக்காய்ச்சலா என்று நான் குழம்பியதுண்டு. நான் தேடாத பக்கத்து வீட்டுத் தலைப்புகளை நின்று வாசித்ததால்தான் அந்தக் குழப்பம் பாதி தெளிந்தது. பப்மெட்டில் சேராத இதழ்களும் உண்டு. சின்ன இதழ்கள் பல ஓ.ஜே.எஸ். என்ற இலவச மென்பொருளில் நடக்கின்றன. அதிலேயே ஓடைக்கு வசதி இருக்கிறது. இலங்கை இதழ்களைத் திரட்டி வைத்திருக்கும் தளமும் ஒன்று உண்டு. முகப்பில் ஆரஞ்சு நிறச் சின்னம் தெரிகிறதா என்று ஓரங்களில் தேடிப் பாருங்கள்.

ஓடை வற்றினால் சத்தம் வராது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பதிப்பகம் தன் தளத்தைப் புதுப்பித்தபோது ஓடைகளின் முகவரி எல்லாம் மாறிவிட்டது. பழைய முகவரி பிழை எதுவும் காட்டாமல் வெறுமனே மௌனமாகிவிட்டது. புதிதாக எதுவும் வரவில்லை போலிருக்கிறது என்று நான் நான்கு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து ஒவ்வாமையைப் பற்றி நான் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய ஒரு கட்டுரை அந்த நான்கு மாதத்துக்குள் வந்து போயிருந்தது. அதிலிருந்து, எந்த ஓடையாவது 40 நாள் பேசாமல் இருந்தால் இதழின் தளத்துக்கே நேரில் போய்ப் பார்க்கிறேன். சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கிப் பென்டிரைவிலும் வைத்திருக்கிறேன். 2013 ஜூலை 1-இல் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது அந்தக் கோப்புதான் என்னை வேறு செயலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எந்தச் செயலி என்று கேட்பவர்களுக்கு: ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் போனில் வசதி. நான் கணினியில் ஸோட்டெரோ வைத்திருக்கிறேன். கட்டுரைகளைச் சேமிக்கிற இலவச மென்பொருள். 2017 முதல் ஓடையும் வாசிக்கிறது. பிடித்த தலைப்பை ஒரு சொடுக்கில் நூலகத்தில் சேர்த்தால், கட்டுரை இலவசமாகக் கிடைக்கிற பட்சத்தில் பி.டி.எஃப்.பும் கூடவே வந்துவிடும். வாசிக்காமல் கிடக்கும் தலைப்புகள் சில நாளில் தானே நீங்கும்படி வைக்கலாம். அதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். 800 தலைப்பு வாசிக்கவில்லை என்று காட்டுகிற திரையை நாலு நாள் பார்த்தால் ஐந்தாம் நாள் யாரும் திறக்க மாட்டார்கள்.

ஓடையை நான் நம்புவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2020 மே 22 அன்று லான்செட்டில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 96,000 நோயாளிகளின் தரவு என்றார்கள். உலகமே அதைப் பேசியது. மருந்துச் சோதனைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஜூன் 4 அன்று அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவைச் சரிபார்க்க வழியில்லை என்று எழுதியவர்களே சொன்னார்கள். கட்டுரை வந்த அதே ஓடையில், அதே எழுத்தளவில், திரும்பப் பெற்ற அறிவிப்பும் ஓர் உருப்படியாக வந்தது. வாட்ஸ்அப்பில் கட்டுரையை எனக்கு அனுப்பியவர்கள் பதினைந்து பேர் இருக்கும். அறிவிப்பை அனுப்பியவர் ஒருவர். ஓடைக்கு எது பரபரப்பு என்று தெரியாது. வந்த வரிசையில் வைக்கும். எத்தனை பேர் விரும்பினார்கள் என்று காட்டாது. மருத்துவத்தில் இருப்பவருக்கு அந்த வரிசை பெரிய பாதுகாப்பு.

தலைப்பு கிடைப்பதும் கட்டுரை கிடைப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்குமானது. என்னைப் போல வெளியே இருப்பவர்கள் இலவச இதழ்களையும், எழுதியவருக்கு அனுப்பும் ஒரு மின்னஞ்சலையும் நம்பியிருக்கிறோம். அந்த மின்னஞ்சலுக்குப் பெரும்பாலும் பதில் வருகிறது. பேராசிரியர் போட்ட அஞ்சலட்டையின் பேரப்பிள்ளை அது. பாம்புக்கடித் துறையில் நல்ல கட்டுரைகள் பலவும் இலவச இதழ்களிலேயே வருவது எங்கள் அதிர்ஷ்டம்.

கடைசியாக நோட்டில் ஏறிய சொல் 'வரஸ்பிளாடிப்'. வேறு நோய்களுக்காக உருவாக்கிய, வாயால் விழுங்குகிற மருந்து. விஷத்தில் இருக்கும் ஒரு முக்கிய நொதியைத் தடுக்கிறது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கடிபட்டவர்களுக்கே கொடுத்துப் பார்த்த இரண்டாம் கட்டச் சோதனை 2024-இல் வெளியானது. 2025 மே மாதம் செல் இதழில், மனித ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருட்களோடு இதையும் கலந்து எலிகளில் பல நாகவகைப் பாம்புகளின் விஷத்தை முறித்ததாக வந்தது. விரியனுக்கு அப்படி ஒன்று இன்னும் என் கண்ணில் படவில்லை. வந்தால் எந்தப் பெயரில் வரும் என்று தெரியாததால் மருந்தின் பெயரையே வரியில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார். நைட் டியூட்டியில் நான் ஓடை பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "சார், எனக்கு ஸ்க்ரப் டைஃபஸுக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். அவருடைய சொந்த ஊரில் அந்தக் காய்ச்சலில் ஒரு உறவினரை இழந்திருக்கிறார். பப்மெட்டைத் திறந்து அந்த இரண்டு சொல்லைப் போட்டார். பொத்தானை அழுத்தப் போனவரை, "கொஞ்சம் இருங்க டாக்டர்" என்று நிறுத்தினேன்.

ஓ.பி. சீட்டு ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டார். அந்தக் காய்ச்சலின் கிருமி ஓரியென்ஷியா சுத்சுகமுஷி. 1995 வரை அதற்குப் பெயர் ரிக்கெட்சியா சுத்சுகமுஷி. அதைப் பரப்புகிற பூச்சிக்கு 'சிக்கர்', 'மைட்'. கடித்த இடத்தில் விழுகிற கருத்த பொருக்கு 'எஸ்கார்'. ஒவ்வொன்றையும் எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இதுக்கு இன்னும் வேற என்ன பேரெல்லாம் இருக்கு, சார்?"